மராத்தி கிராமத்துக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு: பத்திரிகை வாங்கியதிலிருந்து ‘யேதோ’ சொல்வது வரை

புனேயில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், கூட வேலை பார்த்த நண்பன் கல்யாணப் பத்திரிகை வைத்தான். சோலாப்பூர் மாவட்டத்தில் பார்ஷியைத் தாண்டி ஒரு கிராமம். முகூர்த்தம் மதியம் 12.35. அன்று விடியற்காலை கிளம்பி 12 மணிக்கெல்லாம் பந்தலில் இருந்தேன். அட்சதை போட்டேன், சாப்பிட்டேன், மொய் எழுதினேன், மூன்று மணிக்கு பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா போன் செய்தார். “முந்தின நாளே வருவாய் என்று உனக்குப் படுக்கை போட்டு வைத்திருந்தேனே” என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு சாத்தாரா, சாங்லி, ஜள்காவ் பக்கம் என்று பல கிராமக் கல்யாணங்களுக்குப் போய்வந்துவிட்டேன். அந்த 12.35 சடங்கு கால் மணி நேரம்தான். கல்யாணம் அதற்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு மூன்று நாள் நடக்கிறது. உங்களை ஒரு மராத்தி நண்பரோ தோழியோ கூப்பிட்டிருந்தால், முந்தின நாள் மதியத்துக்குள் போய்ச் சேரும்படி லீவு போடுங்கள். இனி வருவதெல்லாம் அப்படிப் போகிறவருக்காக எழுதியது.

பத்திரிகையைப் படிப்பது

பத்திரிகை மராத்தியில்தான் இருக்கும். எண்கள் கூட தேவநாகரியில் இருக்கும் என்பதால் தேதியையும் நேரத்தையும் நண்பரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மணமகன் பெயருக்கு முன்னால் ‘சிரஞ்சீவ்’ என்பதன் சுருக்கம் இருக்கும். மணமகள் பெயருக்கு முன்னால் ‘சௌபாக்யகாங்க்ஷிணி’ என்பதன் சுருக்கம். கீழே வீட்டுக் குழந்தைகளின் பெயர்களைப் போட்டு, “எங்கள் மாமா கல்யாணத்துக்கு நீங்கள் வரணும், சரியா” என்று மழலையில் ஒரு வரி இருக்கும். நம் பத்திரிகைகளில் இப்படி ஒன்றைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. அதில் உள்ள பெயர்களைத் தெரிந்துகொண்டு போனால், அந்த வீட்டுக் குழந்தைகள் பத்து நிமிடத்தில் உங்களோடு ஒட்டிக்கொள்வார்கள்.

நேரத்துக்குப் பதிலாக ‘கோரஜ் முகூர்த்தம்’ என்று போட்டிருந்தால் அது சாயங்காலக் கல்யாணம். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு வீடு திரும்பும் வேளை. நம் பஞ்சாங்கக்காரர்கள் கோதூளி என்பார்களே, அதேதான்.

பத்திரிகையின் உச்சியையும் பாருங்கள். கணபதியும் குலதெய்வமும் இருந்தால் இங்கே நான் விவரிக்கும் சடங்குகள் பெரும்பாலும் நடக்கும். ‘ஜெய் பீம்’, ‘நமோ புத்தாய’ என்று இருந்தால் அது பௌத்தக் குடும்பம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய வழியில் வந்தவர்கள். அங்கே புத்தர் படமும் பாபாசாகேப் படமும் வைத்து, திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி, வெள்ளை உடையில் கல்யாணம் நடக்கும். அங்கே போனால் வணக்கத்துக்கு ‘ஜெய் பீம்’தான் சொல்ல வேண்டும். இன்னும் சில வீடுகளில் ஜோதிராவ் புலே 1873-ல் தொடங்கிய சத்தியசோதக் சமாஜ் முறையில், புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்கிறார்கள். சுயமரியாதைத் திருமணம் பார்த்த நமக்கு அதன் பொருள் யாரும் விளக்காமலே புரியும்.

நீங்கள் மாப்பிள்ளை பக்கமா, பெண் பக்கமா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஹளத், அதாவது மஞ்சள் பூசுவது, இரண்டு வீட்டிலும் தனித்தனியாக நடக்கும். மாப்பிள்ளையின் நண்பர் என்றால் நீங்கள் ‘வர்ஹாடி’. மாப்பிள்ளை வீட்டாரோடு வண்டி கட்டிக்கொண்டு பெண் ஊருக்குப் போகும் கூட்டத்தில் ஒருவர். அந்தக் கூட்டம் தங்கும் இடத்துக்கு அங்கே ‘ஜானவசா’ என்று பெயர். ஜானவாசம் என்ற சொல் புழங்கும் வீட்டிலிருந்து வருகிறவருக்கு இது காதில் விழுந்ததும் சந்தோஷமாக இருக்கும்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்கள் பல சோலாப்பூர், குர்டுவாடி, தவுண்ட், புனே வழியாகத்தான் போகின்றன. பண்டர்பூர், பார்ஷி, லாத்தூர் பக்கம் போகிறவர்கள் குர்டுவாடியில் இறங்கலாம். சாங்லி, கோலாப்பூர் என்றால் மிரஜ். அங்கிருந்து சிவப்பு அரசு பஸ். எல்லோரும் அதை ‘எஸ்டி’ என்றுதான் சொல்வார்கள். 2023 முதல் பெண்களுக்கு அதில் பாதிக் கட்டணம். கடைசிப் பத்து இருபது கிலோமீட்டருக்கு ஷேர் ஜீப். மேற்கு மகாராஷ்டிரத்தில் அதற்கு ‘வடாப்’ என்று பெயர். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், நேரக் கணக்கு கிடையாது. சாயங்காலத்துக்கு மேல் வடாப் குறைந்துவிடும் என்பதால் பகலிலேயே போய்விடுங்கள்.

துளசி விவாகம் முடிந்ததும் கல்யாண சீசன் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் குவியும். சோலாப்பூர், மராத்வாடா பக்கம் அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு பருத்தித் துண்டு, ராத்திரிக்கு ஒரு போர்வை, டார்ச் லைட் போதும். படுக்கைக்குக் கவலை வேண்டாம். பழைய சேலைகளை அடுக்கித் தைத்த ‘கோதடி’ ஒன்றை மொட்டைமாடியில் விரித்துக் கொடுப்பார்கள். நான் தூங்கியதிலேயே நல்ல தூக்கம் அந்த கோதடியின் மேல்தான்.

உடை விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். நம் பட்டுப் புடவையும் வேட்டியும் அங்கே மிகவும் எடுபடும். அவர்கள் ஒன்பது கஜம் நவ்வாரியும் பைட்டணிப் பட்டும் கட்டி வருவார்கள். காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போன தோழி ஒருத்தியை அந்த ஊர்ப் பாட்டிகள் சுற்றி உட்கார வைத்து முந்தானையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். முழுக் கறுப்பு உடை மட்டும் வேண்டாம். ஹளத் நாளுக்குத் தனியாக, கறை பட்டாலும் பரவாயில்லை என்கிற ஓர் உடை கட்டாயம் வேண்டும்.

கூப்பிடுவதும் பேசுவதும்

ஊருக்குள் நுழைந்ததும் பெரியவர்களைப் பார்த்துக் கை கூப்பி ‘ராம் ராம்’ என்று சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் குனிந்து காலைத் தொட்டு வணங்குவது வழக்கம். நண்பரின் அப்பா ‘காகா’, அம்மா ‘காகூ’. பாட்டி ‘ஆஜி’. நண்பரை விடப் பெரியவள் ‘தாயீ’, பெரியவன் ‘தாதா’, அண்ணன் மனைவி ‘வஹினி’. மாமாவுக்கு மாமாதான். தெற்குப் பக்கம் போகப் போக அண்ணா, அக்கா என்ற சொற்களே வீட்டுக்குள் புழங்குவதைக் கேட்பீர்கள். உங்களையும் ஊரே ‘அண்ணா’ என்று கூப்பிடக்கூடும். தெற்கிலிருந்து வந்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இளைஞர்களிடம் இந்தி ஓடும். பாட்டிகளிடம் ஓடாது. ‘தூ’ என்றால் நீ, ‘தும்ஹி’ என்றால் நீங்கள். இந்த ஒன்றை மாற்றிச் சொல்லிவிடாமல் இருந்தால் போதும், மற்ற இலக்கணப் பிழை எதையும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ‘ஹோ’ என்றால் ஆமாம், ‘நகோ’ என்றால் வேண்டாம். ‘கூப் சான்’ என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது. நம்மிடம் ஒரு வசதி உண்டு. இந்திக்காரர்களுக்கு வாயில் வராத ‘ள’ மராத்தியில் ஏராளம். ஹளத், பிவளா, நாரள் என்றெல்லாம் நீங்கள் சுத்தமாகச் சொல்வதைக் கேட்டு ஆஜிகளின் முகம் மலரும்.

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “ஆட்நாவ் காய்?”. குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம். அங்கே சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றும் உண்டு. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். பொறுமையாக விளக்குங்கள். சாதியைக் கண்டுபிடிக்கத்தான் சிலர் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். “என் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்” என்று நான் பேச்சை ஊருக்குத் திருப்பிவிடுவேன். தஞ்சாவூர் என்றதும் அங்கே மராத்தியர் ஆண்ட கதையை அவர்களே தொடங்கிவிடுவார்கள். சிவாஜி மகாராஜாவின் தம்பி வெங்கோஜியின் வம்சம் 1855 வரை அங்கே இருந்தது பல பேருக்குத் தெரியும்.

ஹளத் நாள்

நீங்கள் வந்து சேரும்போது பந்தல், அவர்கள் மொழியில் மாண்டவ், தயாராகிக்கொண்டிருக்கும். முகூர்த்தக்கால் நடுவது நம் ஊரில் போலவே உண்டு, ‘முஹூர்த்த மேட்’ என்பார்கள். பிறகு ‘தேவக்’ வைப்பது. மா, அத்தி, நாவல் போன்ற மரங்களின் கிளைகளை ஊர்க் கோயிலிலிருந்து மேளத்தோடு எடுத்து வந்து பந்தலில் கட்டுவார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் அதற்கென்று உரிய தேவக் உண்டு. தேவக் உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டுக்குத் தீட்டு எதுவும் அண்டாது என்று நம்புகிறார்கள். நம் காப்புக் கட்டை நினைத்துக்கொண்டால் சரியாக விளங்கும். அந்த நேரத்தில் செருப்போடு பந்தலுக்குள் நிற்காதீர்கள்.

வந்ததும் சும்மா உட்காராதீர்கள். இதுதான் நான் சொல்வதிலேயே முக்கியமான விஷயம். விருந்தாளி என்று உங்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் தேநீரைக் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு எழுந்து போய் மாவிலை கட்டுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள், பூண்டு உரிக்கிற பெண்களோடு உட்காருங்கள், தண்ணீர் டிரம்மைத் தூக்கிக் கொடுங்கள். இரண்டு முறை ‘நகோ நகோ’ என்று தடுப்பார்கள். மூன்றாவது முறை வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு உங்களை யாரும் அந்நியராகப் பார்க்கப்போவதில்லை.

மஞ்சள் பூசுவது சாயங்காலம். முன்பெல்லாம் அந்த மஞ்சளை வீட்டுத் திருகையில் பெண்கள் பாடிக்கொண்டே அரைப்பார்கள். அந்தப் பாட்டுக்கு ஓவி என்று பெயர். இப்போது பொடி கடையில் வாங்கினாலும், சடங்குக்காகத் திருகையில் ஒரு கை மஞ்சளைப் போட்டுச் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். சாத்தாரா பக்கத்து வீடு ஒன்றில் எழுபது வயது தாண்டிய ஆஜி ஒருத்தி திருகையின் மரப்பிடியைப் பிடித்தார். எதிரே பேத்தி. கல் இரண்டு சுற்று சுற்றியதும் ஆஜி கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் பிடி ஒரு முழுச் சுற்று வந்தது, மூச்சு விடுகிற இடத்தில் கல்லும் மெதுவானது. மைக்கில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை யாரோ போய் நிறுத்தினார்கள். மஞ்சள் மணமும் கல் உரசும் சத்தமும்தான் அந்த இடத்தில் இருந்தது.

மாப்பிள்ளையை மணைப்பலகையில் உட்கார வைத்து, மாவிலையால் மஞ்சளைத் தொட்டுக் கால், முட்டி, தோள், தலை என்று பூசுவார்கள். முதலில் மணமான பெண்கள், பிறகு எல்லோரும். உங்களையும் கூப்பிடுவார்கள், போய்ப் பூசுங்கள். மாப்பிள்ளைக்குப் பூசி மீந்த மஞ்சள்தான் பெண் வீட்டுக்குப் போகும். அதற்கு ‘உஷ்டி ஹளத்’, எச்சில் மஞ்சள் என்று பெயர். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் பெண்ணுக்குப் பூசுவார்கள். பெண் வீட்டில் இருந்தால் வளையல் அடுக்குவதைப் பார்க்கலாம். வளையல்காரர் வந்து உட்கார்ந்து பச்சைக் கண்ணாடி வளையலைப் பெண்ணின் கையில் உடையாமல் ஏற்றுவார். வந்திருக்கும் பெண்களுக்கும் போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் ஆட்டம். ராய்காட், தாணே பக்கத்து ஆக்ரி, கோளி வீடுகளில் ஹளத் ராத்திரிதான் கல்யாணத்திலேயே பெரிய கொண்டாட்டம். மற்ற ஊர்களிலும் ஹல்கி அடிக்க ஆரம்பித்தால் கால் நிற்காது. இரண்டு குச்சியால் அடிக்கும் தோல் வாத்தியம், நம் பறைக்குச் சொந்தம் போலவே இருக்கும். ஆடத் தெரியாது என்று ஒதுங்கி நிற்க வேண்டாம், அந்த அடிக்கு நம் கால் தானாகப் பழகும். பையன்கள் சிலர் குடித்திருப்பார்கள். உங்களை இழுத்தால் ‘நகோ தாதா’ என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பெரியவர்கள் பக்கம் நகர்ந்துவிடுங்கள்.

கல்யாண நாள் காலை

காலையில் செப்பு ‘பம்ப்’பில் சுடச்சுட வெந்நீர் இருக்கும். இது தண்ணீர் அடிக்கும் பம்பு இல்லை, நடுவே தணல் போட்டு வெந்நீர் வைக்கும் பாத்திரம். சீக்கிரம் எழுந்து வரிசையில் நில்லுங்கள். சிற்றுண்டி அவல் உப்புமா, அதாவது போஹே. கோலாப்பூர்ப் பக்கம் ரவை உப்புமாவும் கிடைக்கும், அங்கே அது ‘உப்பிட்’.

பெண் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் ‘ருக்வத்’ பாருங்கள். பெண் வீட்டார் கையால் செய்த லட்டு, பட்சணங்கள், பின்னல் வேலை, பொம்மைகள் எல்லாம் ஒரு மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள். நம் சீர்வரிசைத் தட்டுகளைப் போலத்தான், ஆனால் இதில் கைவேலைக்குத்தான் மதிப்பு. பெண்ணின் சித்தியோ அக்காவோ பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒன்றிரண்டைச் சுட்டிக் காட்டி ‘கூப் சான்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தவை அவை.

ஆண்களுக்குத் தலையில் பேட்டா கட்டிவிடுவார்கள். நீளமான வண்ணத் துணியை நொடிப்பொழுதில் சுற்றி, மேலே ஒரு விசிறியும் பின்னால் ஒரு வாலும் விட்டுக் கட்டும் அந்தக் கைகளின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தலையை ஆட்டாமல் நில்லுங்கள். கட்டிய பேட்டாவைத் தரையில் வைக்காதீர்கள். மைக்கில் ஒருவர் சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்), முன்னாள் தலைவர், வெளியூர் விருந்தாளி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு மரியாதை செய்வார். வெகு தொலைவிலிருந்து வந்தவர் என்று உங்களையும் கூப்பிட்டுத் தேங்காய் கொடுக்கலாம். மேடை ஏறி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் மாப்பிள்ளை நெற்றியில் முத்துச் சரங்கள் தொங்கும் ‘முண்டாவள்யா’ கட்டிக்கொண்டு, குதிரையிலோ அலங்கரித்த ஜீப்பிலோ ஊர் மாருதி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார். அந்த ஊர்வலத்தில் ஆட்டம் எவ்வளவு நீளுகிறதோ, முகூர்த்தமும் அவ்வளவு தள்ளிப்போகும். உள்ளே பெண் ‘கௌரிஹர்’ பூஜையில் இருப்பாள். அன்னபூரணியின் சிறிய விக்கிரகத்தின் மேல் அரிசியை இட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். தோழியாக இருந்தாலும் அப்போது போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவள் மாமா வந்துதான் அவளை எழுப்பி மேடைக்கு அழைத்துப் போவார்.

அட்சதை

எல்லோர் கையிலும் அட்சதை கொடுத்துக்கொண்டே வருவார்கள். குங்குமம் கலந்த அரிசி, அல்லது பல ஊர்களில் சாயம் தோய்த்த சோளம். இப்போது தானியம் வீணாகிறது என்று பூவிதழ் கொடுக்கிற வீடுகளும் உண்டு. வாங்கியதும் போட்டுவிடாதீர்கள்.

மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடிப்பார்கள். நடுவில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் வரைந்திருக்கும். அதுதான் அந்தர்பாட். மராத்தா வீடுகளில் மாப்பிள்ளை கையில் கட்டாரி இருக்கும், அதன் முனையில் எலுமிச்சம்பழம். பின்னால் மாமாக்கள். பக்கத்தில் விளக்கும் கலசமுமாக மாப்பிள்ளையின் தங்கையோ அக்காவோ, அவளுக்கு ‘கரவலி’ என்று பெயர். அன்று அவளுக்கு மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை.

புரோகிதர் மங்களாஷ்டகம் தொடங்குவார். பெயருக்கு எட்டுச் சுலோகம். சார்தூலவிக்ரீடித விருத்தத்தில் நீட்டிப் பாடுவது. நடுவில் அத்தை, சித்தப்பா, பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒவ்வொருவராக மைக் வாங்கி, மணமக்கள் பெயரை வைத்துத் தாங்களே மராத்தியில் எழுதிய சுலோகத்தைப் பாடுவார்கள். ஒவ்வொன்றும் ‘சுப மங்கள் சாவதான்’ என்று முடியும். அந்தச் சொல் விழும்போதுதான் நீங்கள் அட்சதை போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கடைசிக்கு ஒரு பிடி மீதி இருக்கட்டும். தூரத்தில் நின்றாலும் மேடையை நோக்கி மெல்லப் போட்டால் போதும், வேகமாக வீசினால் முன்னால் நிற்பவர் கண்ணில் படும்.

‘சாவதான்’ என்றால் எச்சரிக்கை. பன்னிரண்டு வயதில் மணப்பந்தலில் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஓடிப்போய்த் துறவியானவர் சமர்த்த ராமதாசர் என்று ஒரு கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவர் அதை நிச்சயம் உங்களுக்குச் சொல்வார். முதல் முறை கேட்பது போலவே கேளுங்கள்.

கடைசிச் சுலோகம் முடிகிற இடத்தில் செல்போனைக் கீழே வையுங்கள். துணியின் மேல் விளிம்புக்கு மேலே பெண்ணின் நெற்றி முத்துச்சரம் மட்டும் தெரியும். அது லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். துணியைப் பிடித்திருக்கும் இரண்டு பேரும் புரோகிதர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி ‘சாவதான்’ விழுந்ததும் துணி சரசரவென்று ஒரு பக்கமாக விலகும். வாத்தியம் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். தலைக்கு மேல் அரிசி மழை. அந்த மழைக்கு நடுவில் அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு முதல் முறையாக ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்ப்பார்கள். அப்புறம்தான் மாலை.

பங்கத்

அட்சதை விழுந்த நொடியில் பாதிக் கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்துவிடும். நீங்களும் போகலாம், தப்பில்லை. ஆனால் நண்பரின் நெருங்கிய ஆள் என்றால் கடைசிப் பந்திக்கு இருங்கள். அதற்கு முன் ஒரு வாளியை எடுத்துப் பரிமாறுங்கள். கிராமத்துப் பங்கத்தில், அதாவது பந்தியில், பரிமாறுவது பெரும்பாலும் ஊர்ப் பையன்கள்தான், கூடுதலாக ஒரு கை என்றால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

தரையில் நீளப் பந்தி, புரச இலையைத் தைத்த பத்ராவளி, குழம்புக்குத் துரோணம் என்று இன்னும் வைத்திருக்கிற ஊர்கள் உண்டு. காகிதத் தட்டுக்கு மாறிய ஊர்கள்தான் அதிகம். மேற்குப் பக்கத்தில் பூரி, பல காய் போட்ட சாக் பாஜி, மசாலே பாத், ‘வரண்’ என்ற பருப்பும் சாதமும், பூந்தி அல்லது ஜிலேபி, கடைசியில் மசாலா மோர், அதாவது மட்டா. பழைய வழக்கம் விடாத வீடுகளில் கோதுமை ரவையும் வெல்லமும் சேர்ந்த லாப்ஷி. ஜள்காவ், துளே பக்கம் போனால் வரணோடு கோதுமை மாவில் செய்த ‘பட்டி’யும் கடைந்த கத்தரிக்காயும். நெய்யை ஊற்றி, பட்டியைக் கையால் நொறுக்கிப் பிசைந்து சாப்பிட வேண்டும், கரண்டியைத் தேடாதீர்கள்.

பந்தியில் உட்கார்ந்ததும் கையை வைக்காதீர்கள். “புண்டலிக வரதா ஹரி விட்டல்” என்று ஒரு குரல் எழும், பந்தி முழுவதும் சேர்ந்து சொல்லும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. வரிசை முழுவதும் முடிக்கும் வரை எழுந்திருக்கவும் கூடாது. ‘சாவகாஷ் ஜேவா’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள், நிதானமாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். உபசாரம் பலமாக இருக்கும். ‘நகோ’ என்றால் நிறுத்த மாட்டார்கள். இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டு ‘போட் பர்லம்’, வயிறு நிறைந்துவிட்டது, என்று சொன்னால்தான் விடுவார்கள்.

ஆஹேர்

மொய்க்கு அங்கே ஆஹேர். நம் ஊரைப் போலவே மேசை, நோட்டு, எழுதுகிற ஒருவர். அவர் கேட்கிற இரண்டே கேள்வி, “நாவ்? காவ்?”. பேர் என்ன, ஊர் என்ன. தொகையில் ஒரு ரூபாய் சேர்த்து 501, 1001 என்று எழுதுவதும் நம்மைப் போலத்தான். ‘ஆஹேர் வேண்டாம்’ என்று பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தால் அதை மதித்துவிடுங்கள். அப்படி இருந்தால் நண்பருக்கு உங்கள் ஊர்ப் பொருள் ஏதாவது வீட்டில் வைத்துத் தனியாகக் கொடுங்கள்.

திருப்பி மரியாதை செய்வதும் உண்டு. ஆண்களுக்குத் தொப்பியும் துண்டும். மணமான பெண்களுக்கு ‘ஓட்டி’ நிரப்புவார்கள். நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, அரிசி, தேங்காய், ரவிக்கைத் துணி மூன்றையும் மடியில் இடுவது. முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஏந்தி வாங்க வேண்டும். பையை நீட்டாதீர்கள். அந்தக் காட்சியில் ஒதுங்கி நிற்கும் பெண்கள் யாராவது இருந்தால் காரணம் கேட்க வேண்டாம். கணவனை இழந்தவர்களை இதிலிருந்து விலக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் போகவில்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. போகும்போது அவர்கள் காலையும் தொட்டு வணங்கிவிட்டுத்தான் போவேன்.

கூட்டம் கலைந்த பிறகு

இனி பந்தலில் இருப்பது நெருங்கிய சொந்தம் மட்டும்தான். புரோகிதரைச் சுற்றி முப்பது நாற்பது பேர். நல்லதெல்லாம் இங்கேதான் நடக்கும். ஹோமத்தில் பொரியிடும்போது பெண்ணின் தம்பி வந்து மாப்பிள்ளையின் காதைத் திருகுவான். ‘கான்பிளி’ என்பார்கள். என் அக்காவைச் சரியாகப் பார்த்துக்கொள் என்று எச்சரிக்கிறான், பரிசு கொடுத்தால்தான் காதை விடுவான். ஏழடி வைப்பது நமக்குத் தெரிந்ததுதான். மங்களசூத்திரத்தில் கறுமணியைப் பார்த்துத் திகைக்காதீர்கள், அங்கே அது சுமங்கலியின் அடையாளம். நடுவில் இரண்டு தங்கக் கிண்ணங்கள், ஒன்று பிறந்த வீட்டுக்கு, ஒன்று புகுந்த வீட்டுக்கு. மாமியார் மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கண்ணாடியில் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்ப்பது ‘சூன்முக்’.

சாயங்காலம் ‘பாட்வணி’, பெண்ணை அனுப்புவது. இவ்வளவு நேரம் சிரித்து ஆடியவர்களும் இப்போது அழுவார்கள். கேமராவை உள்ளே வையுங்கள். துணைக்கு ஒரு பெண்ணும் கூடப் போவாள், அவளுக்குப் ‘பாட்ராக்கீண்’ என்று பெயர். புது வீட்டில் முதல் சில நாள் மணப்பெண் தனியாகத் தவிக்கக் கூடாது என்பதற்காக.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் இன்னொரு கட்டம் இருக்கிறது. வாசற்படியில் அரிசி நிறைந்த அளவுப்படி ஒன்று. அதை வலது காலால் தட்டிவிட்டு மருமகள் உள்ளே வர வேண்டும். அதற்கு முன் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ வாசலை மறித்து நிற்பாள். “உனக்குப் பெண் பிறந்தால் என் பையனுக்குத் தருவதாக வாக்குக் கொடு” என்று மாப்பிள்ளையிடம் கேட்பாள். மாமன் மகளைக் கட்டும் முறை மராத்தியரிலும் பல சமூகங்களில் உண்டு. வடக்கிலிருந்து வந்த நண்பர்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். நமக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை.

கணவன் பெயரைச் சும்மா சொல்லாமல் எதுகையோடு இரண்டு வரிப் பாட்டில் கோத்துச் சொல்வது ‘உகாணா’. சாப்பிடும்போது, வாசலில், பூஜை முடிந்ததும், எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள். நீங்கள் தம்பதியாகப் போயிருந்தால் உங்களையும் விட மாட்டார்கள். தமிழில் ஒன்று தயார் செய்துகொண்டு போங்கள். என் மனைவி, “வாசலில் போட்ட கோலம், வந்தவர் மனசு நிறைய, பேர் சொல்லக் கேட்டால் சொல்வேன், அவர் பேரைக் கூச்சம் குறைய” என்று சொல்லி என் பெயரையும் சேர்த்தாள். ஒரு சொல் புரியாமலே மொத்தக் கூடமும் கைதட்டியது. அப்புறம் நண்பனின் காகூ அதை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இன்னும் ஒன்றிரண்டு நாள் தங்க முடிந்தால், கோந்தளோ ஜாகரணோ இருக்கிறதா என்று கேளுங்கள். கல்யாணம் நல்லபடி முடிந்ததற்குக் குலதெய்வத்துக்குச் செய்யும் ராத்திரி வழிபாடு. கோந்தளிகள் ‘சம்பள்’ என்ற இரட்டைத் தோல் வாத்தியத்தை அடித்து, துணதுணே மீட்டி, துளஜாபூர் பவானியையும் மற்றத் தெய்வங்களையும் ஊர் ஊராகப் பேர் சொல்லி ‘கோந்தளுக்கு வா’ என்று அழைப்பார்கள். குலதெய்வம் ஜேஜூரி கண்டோபா என்றால் ‘யேள்கோட் யேள்கோட் ஜய் மல்ஹார்’ என்ற முழக்கத்தோடு மஞ்சள் பொடியை வாரி இறைப்பார்கள். ஹளத் நாளில் கட்டிய அதே உடையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது

சொல்லாமல் போகாதீர்கள். ஆஜியிடம் போய்க் காலைத் தொடுங்கள், உள்ளே அழைத்துப் போய்க் குங்குமம் வைத்துவிடுவார். பையில் லட்டும் சிவ்டாவும் ஒரு பொட்டலம் ஏறும், வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஜாதோ’, போகிறேன், என்று சொல்லக் கூடாது. ஆண் என்றால் ‘யேதோ’, பெண் என்றால் ‘யேதே’. வருகிறேன் என்று அர்த்தம். ‘யா’ என்று அவர்கள் பதில் சொல்வார்கள். வடாப் நிறைந்து கிளம்பும் வரை, காகா உங்கள் பையைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.